தறிச் சத்தத்தில் கேட்காமல் போன ஓ.டி.பி.

அக்கா வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. சென்னிமலைப் பக்கம் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் ஒரு செல்போன் அடித்தால் கேட்குமா என்று நான் யோசித்ததே கிடையாது, 2024இல் அக்கா மகள் பாப்பாவுக்கு பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் போட உட்காரும்வரை. விண்ணப்பத்தில் மாமாவின் எண்ணைக் கொடுத்திருந்தோம். ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும். போன் மாமாவின் சட்டைப் பையில், சட்டை தறிக்கூடத்து ஆணியில், மாமா மூன்றாவது தறியில் அறுந்த இழையைப் பிடித்துக்கொண்டு. பாப்பா வாசலைத் தாண்டி ஓடி, போனை எடுத்து, எண்ணைப் படித்துக்கொண்டே திரும்பி ஓடிவந்து சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொல்லிவிடும். மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை மாமாவே நான்கு தறியையும் நிறுத்திவிட்டு வந்து வாசப்படியில் உட்கார்ந்தார். பகல் 11 மணிக்கு அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா, "யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று எட்டிப் பார்த்தார்.

நான் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ். டிப்ளமோ படித்தவள். அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே காசு சேர்த்து, லீவு போட்டு, டிப்ளமோக்காரர்கள் பட்டம் வாங்கப் படிக்கிற இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும் முடித்தேன். குடும்பத்தில் ஆஸ்பத்திரி சம்பந்தமாக எது நடந்தாலும் எனக்குத்தான் போன் வரும். மாத்திரைச் சீட்டைப் படிப்பதிலிருந்து இந்த விண்ணப்பம் வரை. அதனால் பாப்பா நர்சிங் என்று சொன்னபோது எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள், நான் ஏதோ மந்திரம் போட்டுவிட்ட மாதிரி.

சத்தியமாக நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் கண்ணு நர்சிங் என்று நானும் கேட்டேன். சேவை, தொண்டு என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "படிச்சு முடிச்ச மாசமே சம்பளம் வரும் சின்னம்மா, எங்க போனாலும் வேலை இருக்கும். நீங்க யாருகிட்டயும் காசு கேட்டு நான் பார்த்ததில்ல" என்றாள். இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியாது. கல்லூரி இன்டர்வியூக்களில் பெண்கள் கண் கலங்கச் சொல்கிற காரணங்களையெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன், அதில் பாதிப் பேர் இரண்டாம் வருஷம் நைட் போஸ்டிங் வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு அழுதவர்கள்தான்.

மார்க் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலேயே பாதிக் குடும்பம் குழம்புகிறது. தமிழ்நாட்டில் அரசு கவுன்சிலிங் வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் வேண்டாம். பிளஸ் டூ மார்க்தான். உயிரியல் நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருங்கும், மொத்தம் 200. அதாவது உயிரியலில் ஒரு மார்க் போனால் ஒரு மார்க் போச்சு, இயற்பியலில் போனால் அரை மார்க். பாப்பாவுக்கு உயிரியல் 96, இயற்பியல் 90, வேதியியல் 95. 96, 45, 47.5, ஆக 188.5. தமிழும் இங்கிலீஷும் எவ்வளவு வாங்கினாலும் இந்தக் கணக்குக்குள் வராது. ரிசல்ட் வந்த மே 6ஆம் தேதி ஊரெல்லாம் 600க்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து இந்த 200க்கான கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஜிப்மரில் நர்சிங் படிக்கவும் ராணுவ நர்சிங்குக்கும் நீட் மதிப்பெண் வேண்டும், எய்ம்ஸ் தனித் தேர்வு வைக்கிறது. அதற்கெல்லாம் பதினோராம் வகுப்பிலேயே திட்டம் போட்டிருக்க வேண்டும். நாங்கள் போடவில்லை.

188.5 நல்ல மார்க்தானே என்று கேட்டால், நல்ல மார்க்தான், ஆனால் பி.எஸ்சி. நர்சிங் தனியாக ஒரு வரிசையில் நிற்பதில்லை. பி.பார்ம், பிசியோதெரபி, ரேடியோகிராபி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி என்று துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை. அதில் அரசுக் கல்லூரி நர்சிங் இடங்கள்தான் முதலில் பறந்துபோகும். டாக்டர் இடம் கிடைக்காத பிள்ளைகளும் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஒரே வரிசை என்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு படிப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாமாவின் பங்காளி ஒருவர், மெடிக்கல் கடை வைத்திருப்பவர், "பி.பார்ம் போட்டு உடுங்க, லைசென்சு வெச்சே பொழைச்சுக்கலாம்" என்றார். ராத்திரி டியூட்டி, ஆம்பளை நோயாளி, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன சொல்வது, இந்த மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். இதே மூன்றை 2007இல் எனக்காகவும் பேசினார்கள். அதே திண்ணை, அதே காபி. நடுவில் பங்காளிகளுக்கு நரை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆத்தாதான், அதாவது மாமாவின் அம்மா, கட்டிலில் படுத்தபடியே ஒரு வார்த்தை சொன்னார். "எனக்கு இடுப்பு ஒடைஞ்சு பெருந்துறை சானடோரியத்துல கெடந்தப்ப, ராத்திரி ரெண்டு மணிக்குத் திருப்பிப் போட்டது ஊட்டுச் சனமா, அந்தப் புள்ளைங்களா?" அது இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு இன்னும் சானடோரியம்தான். அதற்குப் பிறகு மாப்பிள்ளை பேச்சு நின்றது. நின்றது என்றால் ஆத்தா காதுக்குக் கேட்கிற தூரத்தில் நின்றது.

சரி, சான்றிதழ் கதைக்கு வருகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. முதல் பட்டதாரிக்கு நான் குறுக்கே வருவேனா என்று அக்காவுக்குப் பயம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள், இவர்களில் பட்டதாரி இருக்கக் கூடாது. சின்னம்மா எல்லாம் கணக்கில் இல்லை. சிக்கல் வந்தது சாதிச் சான்றில். மாமாவின் பெயர் கொங்கு நாட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற, மலைமேல் நிற்கிற சாமியின் பெயர்தான். அதற்கு நடுவில் ஒரு 'ச்' வருமா வராதா என்பதில் இந்த மண்ணுக்கு இன்னும் முடிவு வரவில்லை. ரேஷன் கார்டில் ச் உண்டு, மார்க் ஷீட்டில் இல்லை, சாதிச் சான்றில் உண்டு, ஆதாரில் இல்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டித் திருத்தத்துக்குப் போட்டு, அது வி.ஏ.ஓ.விடம் இருக்கிறதா ஆர்.ஐ.யிடம் இருக்கிறதா என்று மாமா தினமும் ஒரு வண்டி பெட்ரோல் எரித்தார். பன்னிரண்டு நாள் ஆனது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வர இன்னும் நாலு நாள்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு முடிந்த லீவிலேயே எல்லாக் காகிதத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து, பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிடுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். கேட்பதற்கு அல்ப விஷயமாக இருக்கும். மார்க் இருந்தும் இட ஒதுக்கீட்டில் வர வேண்டியவள் பொதுப் பட்டியலில் மட்டும் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் அல்பமாகத் தெரியாது.

இதற்கு நடுவில் போன்கள். பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருக்கிற வீட்டு எண் எப்படித்தான் போகிறதோ, ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்திலிருந்து ஆரம்பம். பெங்களூரில் நர்சிங், ஹாஸ்டல் ஃப்ரீ, அட்வான்ஸ் மட்டும் இப்போது கட்டுங்கள், மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொடுத்தனுப்புங்கள். ஒருவர் நேரிலேயே வந்தார், இஸ்திரி போட்ட சட்டை, கையில் வழவழப்பான நோட்டீஸ். மாமா மரியாதையாக டீ கொடுத்து உட்கார வைத்தார். நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு உண்டா, எந்தப் பல்கலைக்கழக இணைப்பு? "அதெல்லாம் இருக்குதுங் மேடம்" என்றார். எண் கேட்டேன். டீயை முடிக்காமல் கிளம்பிவிட்டார். வெளியூர்க் கல்லூரி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை, பெங்களூரில் படித்து என்னைவிடப் பிரமாதமாக வேலை பார்க்கிற பிள்ளைகள் எங்கள் ஐ.சி.யூ.விலேயே இருக்கிறார்கள். ஆனால் படித்து முடித்து நர்சஸ் கவுன்சிலில் பதிவு எண் வாங்க முடியாத படிப்புக்குப் பெயர் என்னவாக இருந்தாலும் அது நர்சிங் இல்லை. ஒரு வருஷம், ஆறு மாதம் என்று ஊருக்குள் நர்சிங் கற்றுத் தருகிற இடங்களில் படித்துவிட்டு, சம்பளத்தில் ஆயா வேலையிலும் பெயரில் நர்ஸாகவும் இருக்கிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபம் அந்தப் பெண்கள் மேல் இல்லை.

உண்மையான சண்டை கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போதுதான் வந்தது. இப்போது எல்லாம் ஆன்லைன். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, முதலில் எது, இரண்டாவது எது என்று நாமே வரிசையாகக் கொடுக்க வேண்டும். பாப்பா நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் தாளுக்கொரு கல்லூரியாக எழுதி, திண்ணையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி, மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். சென்னை, மதுரை, சேலம், தேனி என்று அரசுக் கல்லூரிகள் ஒரு பக்கம். ஈரோடு, கோவை, நாமக்கல் சுற்றுவட்டாரத்துத் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இன்னொரு பக்கம். அரசுக் கல்லூரியில் வருஷக் கட்டணம் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். ஆனால் மாமாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். "வாராவாரம் போய்ப் பாத்துட்டு வர்ற மாதிரி இருக்கோணும் அம்மிணி. சேலம் வெச்சுக்கலாம். அந்தக் கடைசி ஊரெல்லாம் எதுக்கு?" சேலத்துக்கு அடுத்து நேராகப் பக்கத்துத் தனியார் கல்லூரிகள், தூரத்து அரசுக் கல்லூரிகள் எல்லாம் கடைசியில். அப்புறம் பங்காளி சொன்ன யோசனை ஒன்று: கிடைக்காத இடத்தை முதலில் போட்டால் கிடைக்கிற இடமும் கைவிட்டுப் போய்விடும், அதனால் மதுரை, சென்னையை எழுதவே வேண்டாம்.

இந்தக் கடைசி வாதத்தை எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. மாமாவுக்கு ரேஷன் கடையை வைத்துச் சொன்னேன். வரிசையில் உங்கள் இடம் உங்கள் மார்க்தானுங் மாமா, அதை யாரும் மாற்ற முடியாது. உங்கள் முறை வந்ததும் கடைக்காரர் உங்கள் சீட்டை வாங்கி மேலிருந்து படிக்கிறார். முதலில் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்ந்துவிட்டது. உங்களைப் பின்னால் போகச் சொல்வதில்லை, அங்கேயே நிற்க வைத்து அடுத்த வரியைப் படிக்கிறார், பருப்பு இருக்கிறதா, இருக்கிறது, கொடுத்துவிடுகிறார். இல்லாததைக் கேட்டதற்காக எதுவும் குறையாது. ஆனால் சீட்டில் எழுதாததை, மூட்டை மூட்டையாகக் கடையில் கிடந்தாலும், அவர் எடுத்துத் தர மாட்டார். பருப்பை முதலில் எழுதி சர்க்கரையைக் கீழே எழுதினால், சர்க்கரை இருந்தும் பருப்போடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அதனால் கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து எழுதக் கூடாது. எது வேண்டும், அது இல்லையென்றால் எது வேண்டும், அவ்வளவுதான்.

மாமா யோசித்தார். "அப்ப நீ அன்னிக்கு எதை எழுதுன?" என்றார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நான் எதையும் எழுதவில்லை. 2007இல் நேரில்தான் கவுன்சிலிங். ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் எங்கப்பாவும் நானும் போனோம். பக்கத்து சீட்டில் இன்னொரு அப்பாவும் மகளும், அவர்களும் அங்கேதான். என் முறை வந்தபோது திரையில் சேலம் முடிந்திருந்தது. தெற்கே தூரத்து ஊர் ஒன்றில் அரசுக் கல்லூரி இடம் இருந்தது. எங்கப்பா என் காதில் "அவ்வளவு தூரமா?" என்று மட்டும் கேட்டார். நான் ஒரு நிமிஷம் அந்த ஊர்ப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். வேண்டாங்க என்று எழுந்துவிட்டேன். எங்கப்பா வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் பக்கத்திலேயே டிப்ளமோ, அதற்கப்புறம் பட்டம் வாங்கப் பத்து வருஷம். டிப்ளமோ மட்டம் என்று சொல்லவில்லை, வார்டில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய், போடும்போது நரம்பு யார் கையில் பிடிபடுகிறது என்றுதான் பார்க்கும், பட்டத்தைப் பார்க்காது. ஆனால் எம்.எஸ்சி. படிக்கவும் கல்லூரியில் பாடம் எடுக்கவும் பட்டம் கேட்பார்கள். என்னோடு ரயிலில் வந்த அந்தப் பெண் அந்த ஊருக்குத்தான் போனாள். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள்.

இதை நான் மாமாவிடம் முழுதாகச் சொல்லவில்லை, பாதிதான் சொன்னேன். மீதியை அக்கா சொல்லியிருப்பாள். மறுநாள் காலையில் போனபோது நாள்காட்டித் தாள்கள் வேறு வரிசையில் ஒரு ரப்பர் பேண்டுக்குள் இருந்தன. எல்லா அரசுக் கல்லூரிகளும் மேலே. அதற்குக் கீழே தனியார் கல்லூரிகள், பேருந்து வசதிப்படி. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு பி.பார்ம், பங்காளிக்காக.

காத்திருந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் கவுன்சிலிங் நகர்ந்தால்தான் இது நகரும் என்று ஊரே சொன்னது, அது எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. கையில் ஒன்று இருக்கட்டும் என்று ஒரு தனியார் கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்த்துவிட்டோம். அது நாங்கள் செய்த தப்பு. ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் அங்கே போய்விட்டன. பிறகு திருப்பிக் கேட்டபோது அந்த அலுவலகத்தில் இருந்தவர் மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை, தூக்குப்போசியைத் திறந்து மதியச் சோற்றைச் சாப்பிட்டாள். நாலு மணிக்குக் கொடுத்தார்கள்.

இடம் ஒதுக்கிய அன்றைக்கு நான் டே டியூட்டி. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் வெளியே வந்து பார்த்தால் அக்காவிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால், பாப்பாவிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட். நாள்காட்டித் தாளில் நாலாவதாக இருந்த ஊர். வீட்டிலிருந்து பஸ் மாறி மாறி ஆறு மணி நேரம். மாமாவுக்குப் போன் போட்டேன். பின்னால் தறிச் சத்தம். "நாலாவது வந்துருச்சு அம்மிணி, நாலாவது" என்று கத்தினார். சந்தோஷமா வருத்தமா என்று அந்தச் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

கொண்டுபோய் விட நானும் போனேன். வெள்ளைக் கோட்டுத் துணி, கருப்பு ஷூ, வினாடி முள் உள்ள வாட்ச், ஒரு வாளி. அந்த வாட்சுக்காகப் பெருந்துறையில் நாலு கடை ஏறினோம், இப்போதைய பிள்ளைகளின் வாட்சில் வினாடி முள்ளே இருப்பதில்லை. நாடியை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும், அதற்குப் போனை எடுக்க முடியாது. திரும்பி வருகையில் மாமா கரூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொங்கலுக்கு வந்தாள். முதல் செமஸ்டரில் முதலில் கற்றுத் தருவதே கட்டில் விரிப்பதுதான். ஆத்தாவின் கட்டிலுக்கு இலவம்பஞ்சு மெத்தை, அதன்மேல் மாமா தறியிலேயே ஓட்டிய பெட்ஷீட். முப்பது வருஷமாக அந்த வீட்டில் பெட்ஷீட் நெய்கிறார்கள், விரிப்பது என்றால் உதறிப் போடுவது, அவ்வளவுதான். பாப்பா ஆத்தாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மூலையைத் தூக்கி முக்கோணமாக மடித்து, கீழே செருகி, தொங்குவதை இறக்கி மறுபடியும் செருகினாள். நாலு மூலையும் உறை போட்ட மாதிரி. ஓரத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மாமா தறியை விட்டு வந்து நின்று பார்த்தார், மடித்த இடத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அப்புறம் ஆத்தாவைப் படுக்க வைத்து மேலே போர்வையைப் போட்டு அதையும் கால்மாட்டில் செருகினாள்.

"என்னைய என்ன பார்சலா கட்டற? காலை அசைக்க முடியல" என்றார் ஆத்தா.

பாப்பா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கால்மாட்டுக்குப் போய், செருகியதை எடுத்துவிட்டு, விரல்கள் இருக்கிற இடத்துக்கு மேலே போர்வையில் ஒரு சாண் மடிப்பு வைத்து மறுபடி செருகினாள். உள்ளே ஆத்தாவின் கட்டை விரல் எழுந்து, இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா அசைந்து பார்த்தது.